பெட்டிக்குள் இல்லாத காய்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஈப்போவில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் நடுவராக உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கேம் போட்டி இல்லை. ஒரே நாளில் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கிக் காட்ட வேண்டும். காலை எட்டு மணிக்குத் தலைப்பு தருவோம், மாலை ஐந்து மணிக்குப் பெட்டியை மூடிக் கையில் கொடுக்க வேண்டும். பதினொரு குழுக்கள். பெரும்பாலும் படிவம் ஆறு, டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள். மூன்று நடுவர்களில் நான்தான் சின்னவன். பொறியியல் படித்தவன், கொஞ்சம் கேம் செய்து பழகியவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள்.

விதிகள் ஒரு பக்கம்தான். நான்காவது விதி இது: பெட்டிக்குள் 20 காய்களுக்கு மேல் இருக்கக் கூடாது.

மாலையில் ஒரு குழுவின் பெட்டியைத் திறந்தோம். உள்ளே மடித்த மாஜோங் பேப்பரும் விதித்தாளும் மட்டும்தான். ஒரு காய்கூட இல்லை. விதித்தாளின் முதல் வரி, வெளியே போய் ஆளுக்கு 30 ரப்பர் கொட்டை பொறுக்கி வரச் சொன்னது. எங்களுக்காகவே ஒரு பையில் கொட்டைகள் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆடிப் பார்த்தோம். பல்லாங்குழி மாதிரிதான் தொடங்கியது. ஆனால் எந்தக் கட்டத்திலும் எதிராளி சவால் விடலாம். விட்டால் ஒரு கொட்டைமேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். உடைந்தவன் கொட்டை போச்சு. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிய ஆட்டம்தான் அது. எந்தக் கொட்டை உள்ளே காய்ந்துபோனது, எது கெட்டியானது என்று குலுக்கிப் பார்த்து, யோசித்து, அதற்கேற்ப குழியில் போட வேண்டும். அன்று நான் ஆடியதில் அதுதான் நல்ல ஆட்டம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பிரச்சினை வேறு. அன்று காலையிலேயே இன்னொரு குழு வந்து கேட்டது. அவர்கள் ஆட்டத்துக்கு 24 காய் தேவை. நாலே நாலு கூடுதல். முடியாது என்று சொல்லிவிட்டோம். அவர்கள் ஆட்டத்தை வெட்டிச் சுருக்கினார்கள். வெட்டிய இடம் நன்றாகவே தெரிந்தது. இப்போது 60 கொட்டைகளோடு ஆடும் ஆட்டத்துக்கு முதல் பரிசு கொடுத்தால், கேட்டுவிட்டு அடங்கிப்போன அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கொட்டைக் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கினோம். நீக்கச் சொன்ன இரண்டு ஓட்டில் ஒன்று என்னுடையது.

அந்தக் குழுவின் பையன் ஒருவன் வந்து கேட்டான். "அண்ணே, பெட்டிக்குள்ளேன்னுதானே போட்டிருந்துச்சு?"

"விதியோட நோக்கம் வேற தம்பி," என்றேன்.

"சரிண்ணே," என்று போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு இந்தக் கேள்வி எங்கெல்லாம் வந்திருக்கிறது, யார் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

*

நமக்குத் தெரிந்த முதல் வழக்கு மாம்பழம்தான். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம். முருகன் மயிலேறிக் கிளம்பினார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்து, எனக்கு உலகம் இதுதான் என்றார். பழம் பிள்ளையாருக்கு.

சின்ன வயதில் இதைப் புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்லித் தந்தார்கள். நடுவராக உட்கார்ந்த பிறகு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. 'உலகம்' என்ற சொல்லுக்குப் போட்டி தொடங்கும்போது ஒரு பொருள், முடியும்போது இன்னொரு பொருள். அந்தப் புதுப் பொருளில் நடுவர்களே உலகமாகிவிடுகிறார்கள். தன்னை உலகம் என்று சொன்னவனுக்குத் தானே மார்க் போடுவது எந்தப் போட்டியிலும் சிக்கல்தான். பிள்ளையார் ஒளித்து எதையும் செய்யவில்லை, சரி. ஆனால் இப்படியும் சுற்றலாம் என்று மயிலேறியவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965இல் வந்தது. இந்தப் பழச் சண்டையில்தான் படம் தொடங்கும். அதே படத்தில் தருமியின் வழக்கும் உண்டு. பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன். தருமி கொண்டுவந்தது இன்னொருவர் எழுதிக் கொடுத்த பாட்டு. இன்றைய போட்டி எதிலும் அந்த ஒரு காரணம் போதும், வெளியே அனுப்பிவிடுவோம். ஆனால் அந்தச் சபையில் பெரிதாக வெடித்தது பாட்டின் பொருட்குற்றம்தான். எதைப் பிழை என்று எடுத்துக்கொள்வது என்பதைப் போட்டிக்குப் போட்டி நடுவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு நம் மரபிலேயே சாட்சி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போட்டியில் தோற்றவருக்குத்தான் இந்த நாட்டில் நாம் காவடி எடுக்கிறோம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரைக்கும் வெயிலில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால், அந்தத் தீர்ப்பை நம் சனங்கள் முழுசாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றுவதில்லை.

*

இனி நான் சார்ந்த உலகத்துக்கு வருகிறேன்.

1981, ஜூலை. கலிபோர்னியாவின் சான் மேட்டியோவில் 'டிராவலர்' என்ற விளையாட்டின் போட்டி. ஒரு டிரில்லியன் கற்பனைப் பணத்தில் ஒரு விண்வெளிக் கடற்படையை வடிவமைத்து மோத விட வேண்டும். விதிகளே நூறு பக்கத்துக்கு மேல். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டக்ளஸ் லெனட் அதற்கு முன்பு அந்த விளையாட்டை ஆடியதே இல்லை. அவர் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலிடம் விதிகளைக் கொடுத்து, இரவிரவாகக் கணினிகளில் ஓடவிட்டார். எல்லோரும் பெரிய, வேகமான கப்பல்களை வைத்திருந்தபோது, யூரிஸ்கோவின் படையில் 96 கப்பல்கள். அதில் பெரும்பாலானவை கனத்த கவசம் போட்ட மந்தக் கப்பல்கள். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். லெனட்தான் ஜெயித்தார்.

அடுத்த வருடம் அமைப்பாளர்கள் விதியை மாற்றினார்கள். படைக்கு நகரும் திறனும் வேண்டும். யூரிஸ்கோ அதற்கும் ஒரு வழி கண்டது. அடிபட்டு மெதுவாகிப்போன தன் கப்பல்களைத் தானே தகர்த்துக்கொண்டது. மந்தக் கப்பல் போய்விட்டால் மீதிப் படையின் சராசரி வேகம் குறையாதே! மறுபடியும் ஜெயித்தது. மூன்றாவது முறையும் இவர் வந்து ஜெயித்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று அமைப்பாளர்கள் சொல்ல, லெனட் ஒதுங்கிக்கொண்டார். ஒரு கௌரவப் பட்டம் மட்டும் கொடுத்தார்கள். வெற்றியில் தன் பங்கு 60, நிரலின் பங்கு 40 என்று அவர் கணக்கு வைத்திருந்தார்.

இதில் யார் தப்பு? லெனட் எந்த விதியையும் மீறவில்லை, எதையும் ஒளிக்கவும் இல்லை. ஆனால் வருடக்கணக்காக அந்த விளையாட்டை நேசித்து ஆடியவர்களுக்கு அது ஒரு கதை, ஒரு உலகம். அவர்கள் சீறிப்பாயும் கப்பல்களின் போரை ஆட வந்தார்கள். லெனட் விதித்தாளோடு ஆட வந்தார். இரண்டும் வேறு வேறு ஆட்டம். அமைப்பாளர்கள் ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள், முடியாதபோது ஆளை நிறுத்தினார்கள். நானும் அன்று ஆளைத்தான் நிறுத்தினேன்.

இதற்கு நேரெதிரான ஒரு வழி இன்னொரு போட்டியில் இருக்கிறது. யாருக்கும் புரியாதபடி சி மொழியில் நிரல் எழுதும் சர்வதேசப் போட்டி. லாண்டன் கர்ட் நோல், லாரி பேசல் இருவரும் 1984இல் தொடங்கியது. முதல் வருடமே சியோர்ட் முலெண்டரும் ராபர்ட் வான் ரெனெஸும் ஒரு வேலை செய்தார்கள். சி நிரலில் கட்டாயம் இருக்க வேண்டிய 'மெயின்' என்ற பகுதியை வெறும் எண்களின் வரிசையாக எழுதிவிட்டார்கள். அந்த எண்கள் உண்மையில் இரண்டு வகைக் கணினிகள் நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திரக் கட்டளைகள். நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, இனிமேல் குறிப்பிட்ட இயந்திரத்தில் மட்டும் ஓடும் நிரல் வேண்டாம் என்று விதியையும் போட்டார்கள்.

1994இல் ஸிமோன் ருசின்கியெவிச் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னையே அச்சடிக்கும் உலகின் மிகச் சிறிய நிரல் என்று ஒரு கோப்பை அனுப்பினார். கோப்பின் அளவு பூஜ்யம் பைட். ஒன்றுமே இல்லாத நிரல் ஒன்றையும் அச்சடிக்காது, ஆகவே தன்னையே அச்சடிக்கிறது. அவருக்குக் கிடைத்த பரிசின் பெயர் 'விதிகளை மிக மோசமாக வளைத்ததற்கான பரிசு'. காலிப் பெட்டிக்குப் பரிசு! இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தப் போட்டியின் விதித்தாளிலேயே, விதியைச் சட்டத்துக்குட்பட்டு வளைப்பதை ஓரளவு வரவேற்கிறோம் என்று இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: வளைப்பவர் அதை ஏன் விதிமீறல் இல்லை என்று கருதுகிறார் என்பதைத் தன் குறிப்பில் எழுதி நியாயப்படுத்த வேண்டும். வளைத்ததைச் சொல்லிவிட்டு வளை. சொல்லாமல் செய்தால் அது வேறு.

பெட்டிக்கு வெளியிலிருந்து எடுப்பது பற்றியும் ஒரு நல்ல வழக்கு உண்டு. 2004இல் ஜெர்மனியில் நடந்த பிரேக்பாயிண்ட் விழாவில் 96 கிலோபைட்டுக்குள் ஒரு விளையாட்டைச் செய்யும் போட்டி. 'கிரீகர்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு முதலில் வந்தது. மொத்தம் 97,280 பைட். நம் கைப்பேசியில் ஒரு போட்டோகூட அதைவிடப் பெரிது. சுவர், தரை, பூதம் எல்லாவற்றையும் ஓடும்போதே கணக்குப் போட்டு உருவாக்கிக்கொள்ளும். ஆனால் திரையில் வரைந்து காட்ட விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் டைரக்ட்எக்ஸ் வேண்டும். அந்த அளவு 96இல் சேராது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. காரணம், அந்த வெளி உதவி எல்லாருக்கும் பொது, அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்.

ரப்பர் கொட்டையும் பொதுதான். கீழே கிடக்கிறது. ஆனால் பொறுக்கலாம் என்பது மற்ற பத்துக் குழுக்களுக்கும் தெரியாது.

*

கொட்டை என்று வந்துவிட்டதால், பேராக்காரன் ஒருவன் தாண்டிப் போக முடியாத ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை 'அமேசோனாஸ்' என்ற கப்பலில் ஏற்றினார். பாரா துறைமுகத்துச் சுங்கத்தில், அரசியாரின் கியூ தோட்டத்துக்குப் போகும் மென்மையான தாவர மாதிரிகள் என்று சொல்லித் தாண்டிவிட்டார். பொய்யா? சொல்லப்போனால் இல்லை, அவை தாவரங்கள்தான். சட்ட மீறலா? ரப்பர் விதையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று பிரேசிலில் அப்போது சட்டமே கிடையாது. ஆயிரம் விதைக்குப் பத்து பவுண்டு என்பது பேச்சு. கியூவில் முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பதை அப்போதைய பேரா ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு முன்னால் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

விக்கமுக்கு 1920இல் சர் பட்டம் கிடைத்தது. பிரேசிலின் ரப்பர் வியாபாரம் ஆசியத் தோட்டங்கள் பால் கொடுக்கத் தொடங்கியதும் சரிந்தது. இந்தத் தோட்டங்களில் மரம் வெட்டுவதற்காகத்தான் என் பாட்டியின் அப்பா கப்பலேறினார். விக்கம் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தவர்கள் அதனால் லாபமடைந்தவர்கள். இழந்தவர்கள் அந்தப் போட்டியில் ஆட்டக்காரர்களாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. விதியின் எழுத்தை மட்டும் பார்த்தால் விக்கமும் ருசின்கியெவிச்சும் ஒன்று. எழுத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பாட்டியிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். பெரட்டுக்கு இருட்டிலேயே போய், நிரையை முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா போட்டுப் பால் ஸ்டோருக்குத் தூக்கிப் போனவர். அவர் விக்கமை விட்டுவிட்டு நேராக ஸ்டோருக்குப் போய்விட்டார்.

பாலின் எடைக்குத் தகுந்தபடி காசு என்றால், வாளியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதைப் பிடிக்கத்தான் மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவி. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. பாலில் தண்ணீர் கூடினால் அடர்த்தி கூடும், கருவி உயர மிதக்கும், காய்ந்த ரப்பரின் அளவு குறைவு என்று காட்டும். நல்ல பொறியியல்தான். ஆனால் எண்ணைப் படிப்பதும் கிராணி, புத்தகத்தில் எழுதுவதும் கிராணி. இடையில் வரும் பின்னம் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே சரிக்கட்டப்படும் என்பது லயத்தில் எல்லாருக்கும் இருந்த சந்தேகம்.

"நாங்க ஊத்துனா திருட்டு, அவுங்க கழிச்சா கணக்கு," என்றார் பாட்டி. "ஆனா ஒன்னு சொல்றேன் கேளு. தண்ணி ஊத்துனவ யாரும் அத வெளிய சொன்னதில்ல. கழிச்சவனும் சொன்னதில்ல."

எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

*

இத்தனை வழக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், விதியை வளைப்பது நியாயமா என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் கிடையாது. மூன்று கேள்விகளாகப் பிரித்தால் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது.

முதல் கேள்வி: வெளிப்படையாகச் செய்தானா? பால் ஸ்டோரில் இரண்டு பக்கமும் தோற்பது இங்கேதான். விக்கமும் தோற்கிறார். சுங்கத்தில் அவர் சொன்ன சொற்கள் உண்மை, சொன்ன நோக்கம் மறைப்பது. லெனட் தேறுகிறார். எங்கள் கொட்டைக் குழு நல்ல மார்க்கில் தேறுகிறது. அவர்கள் விதித்தாளின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது: போட்டி எதை அளக்க வந்ததோ அதை இது கெடுக்கிறதா? நாங்கள் காய்களுக்கு வரம்பு வைத்தது, குறைந்த பொருளில் நிறைந்த ஆட்டம் செய்கிறார்களா என்று பார்க்க. தீர்ப்புச் சொன்ன அன்று, 60 கொட்டை அந்த நோக்கத்தை உடைக்கிறது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய காய் ஒன்றுகூட இல்லாமல், எந்தத் தாமானுக்குப் பின்னாலும் மிச்சம் நிற்கும் நாலு ரப்பர் மரத்தை நம்பி ஆட்டம் செய்தவர்கள்தான் வரம்பின் பொருளை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ஒரு குறை உண்டு. கொட்டை காய்ந்து வெடித்து விழுவது வருடம் முழுதும் நடக்காது. கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருப்பவன் எங்கே போய்ப் பொறுக்குவான்? அது வடிவமைப்பின் குறை. அதற்கு மார்க் குறைக்கலாம். ஆளை நீக்க அது காரணமாகாது.

மூன்றாவது கேள்விதான் கடினம்: அந்தக் கதவு மற்றவர்களுக்கும் திறந்திருந்ததா? 24 காய் கேட்ட குழுவை நினைத்தால் இங்கேதான் தடுக்கிறது. அவர்கள் நேர்மையாகக் கேட்டார்கள், நாங்கள் மூடினோம். மயிலேறிப் போனவர்கள் அவர்கள்தான். கேட்டவன் தோற்று, கேட்காதவன் ஜெயித்தால், அடுத்த வருடம் ஒருவனும் வந்து கேட்க மாட்டான்.

ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது கொட்டைக் குழு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே அவர்கள் தரையில் உட்கார்ந்து கொட்டையை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நானே கடந்து போனேன், சிரித்துக்கொண்டே. அப்போதே மைக்கைப் பிடித்து, பெட்டிக்கு வெளியே கிடைப்பதை எல்லாரும் பயன்படுத்தலாம், அல்லது யாரும் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. நாங்கள் மாலை வரை சும்மா இருந்துவிட்டு, எங்கள் தயக்கத்துக்கான தண்டனையை மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். விதியில் ஓட்டை வைத்தது நாங்கள், நீங்கியது அவர்கள்.

இன்று அதே மேசையில் உட்கார்ந்தால் கொட்டைக் குழுவைப் போட்டியில் வைத்திருப்பேன். 24 காய் குழுவை அழைத்து, நீங்கள் முதலில் நினைத்த ஆட்டத்தையே ஆடிக் காட்டுங்கள் என்று கேட்டு, அதற்கும் சேர்த்து மார்க் போட்டிருப்பேன். அப்படியும் யார் முதலில் வந்திருப்பார்கள் என்று தெரியாது. குறைந்தது, இரண்டு குழுவும் ஒரே ஆட்டத்தில் தோற்றிருக்கும் அல்லது ஜெயித்திருக்கும்.

இந்த வருடம் மறுபடியும் போட்டி நடத்துகிறார்கள். விதித்தாளை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்காவது விதி அப்படியே இருக்கிறது. அதன் கீழே புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: ஏதாவது ஒரு விதியை வேறு மாதிரிப் புரிந்துகொண்ட குழு, மதியம் ஒரு மணிக்குள் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிக் காரணமும் காட்ட வேண்டும்; சொன்னால் அந்த வழி எல்லாருக்கும் திறக்கும், அல்லது எல்லாருக்கும் மூடும்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். நல்ல யோசனையை மதியமே போட்டு உடைக்கச் சொன்னால், கண்டுபிடித்தவனுக்கு என்ன லாபம்? முதலில் சொன்னவருக்குத் தனி மார்க் என்று வைத்துப் பார்க்கிறோம். சரியாக வருமா என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தத் தாளை அந்தப் பையனுக்கு அனுப்பினேன். இப்போது பினாங்கில் வேலை செய்கிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அப்படின்னா நாங்க செஞ்சது செல்லும்தானேண்ணே?"

செல்லும் என்று எழுதினேன். மூன்று வருடம் லேட்.